போத்தலின் அடியில் சுண்ணாம்பு

இன்று காலை சின்யோரா சாப்பாட்டறை ஜன்னலடியில் நின்று ஒரு வெள்ளை வைன் போத்தலை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்தா. பிறகு மெல்லச் சாய்த்தா. போத்தலின் அடியிலிருந்து கண்ணாடித் தூள் போல வெள்ளையாய் ஏதோ எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப அடங்கியது. போத்தலைப் பார்த்த அதே கண்ணால் என்னையும் பார்த்தா. எத்னா எரிமலைகூட அப்படிப் புகைந்திருக்காது.

"இதற்குள் என்ன போட்டாய்?"

பன்னிரண்டு வருசமாகச் சமையற்காரனாய் இந்த வீட்டின் குசினியை ஒரு சாம்ராச்சியம் போல ஆண்டு வருகிறவன் நான். வாயைத் திறந்தேன். பதிலுக்குப் பதிலாக, சிநேகிதரே, நீர் வந்து நின்றீர். இதே ஜன்னல், இதே பிரெஞ்சு வைன், இதே வெள்ளைத் தூள். அன்றைக்கு அந்தப் பார்வை விழுந்தது உம்மேல். விழ வைத்தவன் நான். நீர் உயிரோடு இருந்தபோது இதை உமக்குச் சொல்லவில்லை. அதனால்தான் எந்தத் தபால்காரனும் கண்டுபிடிக்க முடியாத விலாசத்துக்கு இந்த மடல்.

நீர் இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே நான் உம்மைச் சந்தேகித்தேன் என்பதை முதலில் பதிவு செய்கிறேன். இதில் நீர் மனம் நோக ஒன்றுமில்லை. பலேர்மோவின் பல்லரோச் சந்தையில் மீன்காரன் "இன்றைக்குப் பிடித்த மீன்" என்று சொன்னால், நான் மீனிடமே கேட்டு உறுதிப்படுத்துகிற ஆள். குசினி என்னுடையது, மேசை உம்முடையது என்று சின்யோரா பிரித்துத் தந்தா. அவவின் புருசன் பெரிய வழக்கறிஞர். வீட்டில் எல்லாரும் அவ்வொக்காத்தோ என்றுதான் கூப்பிடுவோம். ஊரே இந்தத் தீவின் வைனைக் குடித்துச் சந்தோசமாக இருக்க, அவர் மட்டும் பிரான்ஸிலிருந்து வெள்ளை வைன் வருவித்து, ஒவ்வொரு போத்தலையும் பெண்பிள்ளையைக் கட்டிக் கொடுக்கிற தகப்பன் மாதிரிப் பெருமூச்சோடு திறக்கிற மனுசன்.

முதல் கிழமையே கண்டுபிடித்தேன். விருந்தாளிகள் போன பிறகு மேசையைத் துடைக்க வந்த நீர், ஒரு கிளாஸின் அடியில் கிடந்த ஒரு சொட்டை எடுத்து மூக்கருகில் பிடித்து, கோயிலில் நிற்கிறவன் போலக் கண்ணை மூடினீர். குடிக்கவில்லை. குடித்திருந்தால் விட்டிருப்பேன், குடிகாரனைப் புரிந்துகொள்ளலாம். மன்னாரில் வள்ளம் ஓட்டின மனுசன் மணந்து பார்த்துவிட்டுக் கிளாஸைக் கழுவ வைத்தால் அதை என்னவென்று எடுப்பது? ஒரு கிழமைக்குள் உம்மை ஏழு நாடுகளின் உளவாளியாக்கினேன். பிறகு நாடிழந்த ராசகுமாரனாக்கினேன். கடைசியில் போத்தல் கள்ளன் என்ற பதவியில் நிரந்தரமாக்கினேன்.

போர்கோ வெக்கியோக் குடியிருப்பில் எங்கள் அறை உமக்கு நினைவிருக்கும். இரண்டு கட்டில், ஒரு மேசை. உம்முடைய பக்கச் சுவரில் மடுமாதா, என்னுடைய பக்கத்தில் முருகன். இருவரும் எங்களைவிடச் சமாதானமாக இருந்தார்கள்.

வியாழக்கிழமை பின்னேரங்களில் எங்களுக்கு லீவு. துறைமுகச் சுவரில் ஏறியிருந்து நேப்பிள்ஸ் கப்பலுக்குள் லொறிகள் நுழைவதைப் பார்ப்போம். அப்படி ஒரு வியாழக்கிழமைதான் உம்மைப் பிடித்தேன்.

"உண்மையைச் சொல்லும் காணும். நீர் இஞ்சை வாறதுக்கு முதல் என்ன வேலை செய்தனீர்?"

"கடலிலை."

"கடலிலையோ வைன் விளையுது?"

நீர் என் பக்கம் திரும்பினீர். "ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டனெண்டு சத்தியம் பண்ணும்."

"முருகன்மேலை."

"உம்மடை முருகன் உம்மை மன்னிச்சுப்போடுவார். மாதாமேலை பண்ணும்."

பண்ணினேன். அப்போதுதான் சொன்னீர், நாலு வருசம் பிரான்ஸில் ஷப்லி என்ற ஊரில் வைன் பிழிகிற முந்திரிகைத் தோட்டத்தில் வேலை செய்தீர் என்று. நான் நம்பவில்லை.

"எல்லாரும் இஞ்சையிருந்து பிரான்ஸுக்கு ஓடுறாங்கள். நீர் அங்கையிருந்து இஞ்சை வந்தனீரோ? பொய்யிலையும் ஒரு நேர்மை வேணும் காணும்."

"அங்கை அகதிக் கேஸைத் தள்ளுபடி பண்ணிப்போட்டாங்கள். இஞ்சை பேப்பர் குடுக்கினமெண்டு கேள்விப்பட்டன். வந்திட்டன்."

அந்தப் பேப்பரின் கதையை நான் மற்றவர்களுக்கும் விளங்க எழுதி வைக்கவேண்டும். எண்பத்தொன்பது முடிய முதலே இத்தாலியில் இருந்ததாகக் காட்டினவர்களுக்குத்தான் அப்போது பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதி கொடுத்தார்கள். அந்த மார்கழியில் நீர் ஷப்லியில் கை விறைக்க விறைக்கக் கொடி வெட்டிக்கொண்டிருந்தீர். பேப்பரிலோ, போர்கோ வெக்கியோவில் ஒரு கிழவியின் வீட்டில் வாடகைக்கு இருந்தீர். கிழவியே சத்தியம் பண்ணிச் சொன்னா. ஆகவே பிரான்ஸ் என்ற சொல் உம்முடைய வாயிலிருந்து விழுந்தால் பெர்மெஸ்ஸோவும் கூடவே விழும். உம்முடைய பெரிய அறிவு முழுவதும் உமக்கு எதிரான சாட்சி.

"சரி. அப்ப அந்த வைனை எப்பிடிச் செய்யிறாங்கள்?" என்று கேட்டேன், பொய்யனைப் பிடிக்கிற விதானையார் மாதிரி.

நீர் அவசரப்படவில்லை. "முதல் மண் காணும். தோண்டினால் சிப்பி. நகத்தளவு சிப்பி, கல்லாய்ப் போய்க் கிடக்கு. ஒரு காலத்திலை அந்த இடம் முழுக்கக் கடல்."

"இப்ப கடல் எங்கை?"

"நூறு கட்டைக்கு அங்காலையும் இல்லை."

மன்னார்க்காரன் மலை உச்சிக்குப் போனாலும் சிப்பியோடுதான் போவான் என்று நான் சிரித்தேன். நீர் சொல்லிக்கொண்டே போனீர். சித்திரையில் தளிர் வரும்போது பனி கொட்டுமாம். விடியப்புறம் கொடிகளுக்கு நடுவே நிரை நிரையாய் நெருப்புச் சட்டி வைப்பார்களாம். சில தோட்டங்களில் தளிர்மேல் தண்ணீரை விசிறுவார்களாம். அது உறைந்து, அந்தப் பனிக்கட்டியே தளிரைக் குளிரிலிருந்து காக்குமாம். குளிருக்குப் பனிக்கட்டியால் போர்வை. இதைவிடச் சிறந்த பொய்யை நானே ஆயுளில் இரண்டு தரம்தான் சொல்லியிருப்பேன்.

புரட்டாதியில் கொய்கிற பழத்தைக் கொய்த கையோடு, குலையாகவே, மெல்லப் பிழிவார்கள் என்றீர். தோலோடு ஊறவிடுவதில்லை. சாற்றைக் குளிரில் விட மண்டி அடியில் இருக்கும். தெளிந்ததை எடுத்து ஆறுதலாகப் புளிக்கவிடுவார்கள். அது முடிய இன்னொரு மாற்றம் வரும்: பல்லைக் கூசவைக்கிற பச்சை அப்பிள் புளிப்பு, மோரின் புளிப்பைப் போல இறங்கிவரும். பிறகு செத்த ஈஸ்டின் மேலேயே மாதக்கணக்காகக் கிடக்கும். சிலர் பழைய மரப்பீப்பாவில் வைப்பார்கள், அநேகமானவர்கள் உருக்குத் தொட்டியில். மரத்தின் மணம் மண்ணின் மணத்தை மூடக்கூடாது, அதுதான் அவர்களின் பயம்.

"குடிச்சா எப்பிடி இருக்கும்?"

"எலுமிச்சந் தோல். மழை நனைச்ச கல். நெருப்புக்குச்சி உரசின மணம். எல்லாம் போன பிறகு நாக்கின்ரை கரையிலை ஒரு உப்பு நிக்கும்." பிறகு சொன்னீர்: "அது சத்தம் போடாத வைன் காணும். நாங்கள்தான் கதையை நிப்பாட்டவேணும்."

எழும்பும்போது இன்னொன்றும் சொன்னீர். "நாங்கள் சுண்ணாம்பை முட்டிக்குள்ளை பூசுறம். அவங்கள் சுண்ணாம்புக்கு மேலை கொடியை நடுறாங்கள். வித்தியாசம் அவ்வளவுதான்."

அந்த ஒரு வசனம்தான் என் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஊரில் பனைக்குக் கட்டுகிற முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசினால், இறங்குகிற சாறு புளித்துக் கள்ளாகாது. இனிப்பான கருப்பநீராகவே நிற்கும். அடியில் மட்டும் வெள்ளையாய் ஒரு வண்டல் இருக்கும். சின்ன வயதிலிருந்து அந்த வண்டலைப் பார்த்து வளர்ந்த கண் என்னுடையது. அந்தக் கண்தான் உம்மைக் காட்டிக்கொடுத்தது.

அடுத்த வருசம், வைகாசி. அவ்வொக்காத்தோ மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு பெரிய மனுசனை அழைத்திருந்தார். குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில், வெளிநாட்டுக்காரரின் பேப்பர் பார்க்கிற பகுதியில் உத்தியோகம். அதே மாதம் உம்முடைய பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான வேலைக் கடிதம் சின்யோராவின் மேசை லாச்சிக்குள் கையெழுத்துக்காகக் கிடந்தது. விருந்துக்கென்று இரண்டு ஷப்லிப் போத்தல்களை அவ்வொக்காத்தோ எடுத்துத் தந்தார். "சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னம் குளிரிலை வைச்சாப் போதும், அதைக் கொல்லாதையும்" என்று நீர் சொன்னீர். நான் உம்முடைய சொல்லைக் கேட்டு நடக்கிற ஆளா? மூன்று கிழமைக்கு முன்பே பிரிட்ஜின் பின்மூலையில், மீன் வைக்கிற கடும் குளிரில் தள்ளிவிட்டேன்.

விருந்தன்று காலை ஒரு போத்தலை வெளியே எடுத்தேன். அடியில் வெள்ளை வண்டல்.

என் மூளை மின்னலாய் வேலை செய்தது. நீர் வைனைக் குடித்துவிட்டீர். வேறு எதையோ நிரப்பிவிட்டீர். அது புளித்து வெடிக்காமலிருக்க, எங்கள் ஊர் வழக்கப்படி, சுண்ணாம்பு போட்டிருக்கிறீர். ஆனால் தக்கை அப்படியே இருக்கிறதே என்றால், அந்த வித்தையைப் படிக்கத்தானே பிரான்ஸில் நாலு வருசம் நின்றிருக்கிறீர்.

உள்ளபடி சொல்கிறேன். வித்தையைக் கண்டுபிடித்த பெருமை பாதி. மற்றப் பாதி பயம். போத்தல் கிடந்தது என் பிரிட்ஜில். முதலில் என்னைத்தான் கேட்பார்கள். ஆகவே நானே சின்யோராவிடம் கொண்டுபோய்க் காட்டி "கால்ச்சே" என்றேன். சுண்ணாம்பு. உம்முடைய பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. இந்த வீட்டில் வைனைத் தொடுகிறவர் நீர் ஒருவர்தானே.

சின்யோரா விருந்தாளி போகும்வரை பொறுத்திருக்கிற சாதியில்லை. எல்லாரும் மேசைக்கு வந்து இருந்தபிறகு அந்தப் போத்தலை நடுவில் வைத்தா.

"இதற்குள் யார் சுண்ணாம்பு போட்டது? சொல்லாவிட்டால் நான் ஒரு கடிதத்திலும் கையெழுத்து வைக்கமாட்டேன்."

நான் குசினிக் கதவோரம் நின்றேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது நான் என்ன செய்திருக்கிறேன் என்று. வாய் திறக்காவிட்டால் உம்முடைய வேலை போகும், வேலையோடு கடிதம் போகும். வாய் திறந்து விளக்கம் சொன்னால், வைனைப் பற்றி இவ்வளவு எப்படித் தெரியும் என்று கேட்பான் அந்த மனுசன். குவெஸ்தூராவே பாஸ்தாவுக்குக் காத்துக்கொண்டு எதிரில் இருந்தது.

நீர் போத்தலை எடுத்தீர். தக்கையை இழுத்தீர். தக்கையின் அடியிலும் அந்தத் தூள் ஒட்டியிருந்தது. அதில் கல்லாய் உறைந்த ஒரு துணுக்கை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தீர்.

"சுண்ணாம்பு என்றால் என் நாக்கு இப்போது வெந்திருக்கும், சின்யோரா," என்றீர் இத்தாலியனில். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில்: "அரிசிப் பேணிக்குப் பின்னாலை ஒளிச்சு வச்சிருக்கிற பழப்புளியைக் கொண்டாரும்."

கொண்டுவந்தேன். குவெஸ்தூரா மனுசனின் தட்டில் ஒரு பக்கம் வைன் கல், மறுபக்கம் பழப்புளி வைத்தீர். அவன் முதலில் கல்லை நக்கினான். பிறகு புளியை நக்கினான். திரும்பக் கல்லை நக்கினான். இத்தாலிக் குடியரசின் மாட்சிமை பொருந்திய ஒரு உத்தியோகத்தன் என் புளியை நக்கின காட்சியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"ஒரே புளிப்பு," என்றான்.

"ஒரே அமிலம்தான் ஐயா. முந்திரிகையிலும் உண்டு, இந்தப் பழத்திலும் உண்டு. கடும் குளிரில் நாள்பட்டுக் கிடந்தால் வைனுக்குள் கல்லாகி அடியில் போய்விடும். பிழையில்லை. யாரும் ஒன்றும் போடவில்லை. குளிர் மட்டும் கொஞ்சம் கூடிவிட்டது."

குளிரைக் கூட்டினது ஆர் என்று நீர் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவுமில்லை. வண்டல் கலங்காமல் கிளாஸ்களில் ஊற்றினீர். வெளிர் மஞ்சள், கரையில் மெல்லிய பச்சை. அவ்வொக்காத்தோ ஒரு வாய் குடித்தார். அந்த மேசையில் ஒருவரும் கதைக்கவில்லை. நீர் துறைமுகச் சுவரில் சொன்னது பொய்யில்லை என்று நான் நம்பியது அந்த அமைதியில்தான்.

பிறகு அந்த மனுசன் கிளாஸை வைத்துவிட்டுக் கேட்டான். "நல்லது. இதையெல்லாம் எங்கே படித்தாய்?"

நீர் நிலத்தைப் பார்த்தீர். உம்முடைய காது சிவந்ததை நான் கண்டேன். சுண்ணாம்பு என்று சொன்ன அதே வாய் எனக்கு இருந்தது; அதற்கு ஒரு வேலை கொடுத்தேன்.

"எங்கள் ஊரில் ஐயா," என்று நடுவுக்கு வந்தேன். "யாழ்ப்பாணத்தில் முந்திரிகைத் தோட்டம் கண்ணுக்கெட்டின தூரம் நிற்கும். இவர் சுவாமிமாரின் தோட்டத்தில் பூசைக்கு வைன் செய்தவர். ரோமிலிருந்து வந்த ஒரு கர்தினால் அதைக் குடித்துவிட்டு அழுதார் ஐயா. பீடத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்."

மாதாமேல் பண்ணின சத்தியத்தை நான் காப்பாற்றினேன் என்பதைக் கவனியும். பிரான்ஸ் என்று ஒரு எழுத்தும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நின்றது கிணற்றடிப் பந்தலில் ஒரேயொரு கொடி. அதன் பழம் முழுவதையும் அணில் தின்றது. அந்த மனுசன் கர்தினால் என்றதும் சிலுவை போட்டுக்கொண்டு கிளாஸை நீட்டினான். பழத்தட்டு வரமுதல் சின்யோரா லாச்சியைத் திறந்து கடிதத்தில் கையெழுத்து வைத்தா.

வீட்டுக்கு நடந்து முதல் சந்து தாண்டினோம். பிறகு கேட்டீர்:

"கர்தினால் அழுதவரோ?"

"ரெண்டு கண்ணாலையும்."

அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்தேன். சுண்ணாம்பு என்று சொன்னது ஆர் என்று நீர் கேட்கவேயில்லை. கேட்காதது எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனாலும், தெரியாததால்தான் கேட்கவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை நீர் உம்முடைய பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னச் சாம்பல் நிறக் கல்லை எடுத்து என் கையில் வைத்தீர். அதில் நகத்தளவு சிப்பிகள், வால் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"இந்தாரும். உமக்குச் சுண்ணாம்பு தேவைப்பட்டா வச்சிரும்."

நான் சிரித்தேன். பகிடி என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகித்த நான் அந்த ஒரு வசனத்தை மட்டும் சந்தேகிக்கவில்லை.

நீர் போய் இரண்டு வருசம். தை மாதக் காலை, வேலைக்கு வரும் வழியில் பொலித்தெயாமாத் தியேட்டருக்குப் பக்கத்து வாங்கில் களைப்பாக இருக்கிறதென்று குந்தினவர் எழும்பவில்லை. இதயம் என்றார்கள். உம்முடைய சட்டைப்பையில் புதுப்பித்த பெர்மெஸ்ஸோ இருந்தது, முழுச் செல்லுபடியோடு. கடல் தெரிகிற சேமக்காலையில் அடக்கம் செய்தோம். சின்யோரா கறுப்புச் சேலைத்துணி போல ஒரு முக்காடு போட்டு வந்து கடைசிவரை நின்றா.

இன்று காலைக்கு வருகிறேன். இந்தப் போத்தலையும் பிரிட்ஜில் தள்ளினவன் நான்தான். அவ்வொக்காத்தோவின் விருந்து ஒன்று தள்ளிப்போனது, போத்தலை மறந்துபோனேன்.

"சுண்ணாம்பில்லை சின்யோரா," என்றேன். "வைனின் புளி. கூடின குளிரில் கல்லாகிவிடும்."

"உனக்கு யார் சொன்னது?"

கர்தினால் தயாராக நின்றார், அழுவதற்கு. நான் அவரை அனுப்பிவிட்டேன். உம்மை இனி எந்தக் குவெஸ்தூராவும் கூப்பிட முடியாது.

"என் சிநேகிதன். பிரான்ஸில் ஷப்லியில் நாலு வருசம் வேலை செய்தவர். அன்றைக்குச் சுண்ணாம்பு என்று சொன்னது என் பிழை. அதை அவரிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை."

சின்யோரா போத்தலைக் கீழே வைத்தா. முகத்தில் ஒரு கோபமும் இல்லை. எழுபது வயதில் எல்லாம் மறந்துவிட்டா என்று நான் நினைத்திருந்தேன்.

"நாங்கள் பலேர்மோக்காரர். கர்தினாலை நாங்கள் ஒருவரும் நம்பவில்லை. அந்த உத்தியோகத்தனும் நம்பவில்லை. சாப்பாடு நன்றாயிருந்தது, அவ்வளவுதான். உன் சிநேகிதன் அடுத்த நாள் காலை என்னிடம் வந்தான். 'வைனுக்குள் சுண்ணாம்பு என்று இந்தத் தீவில் ஒருவருக்கும் தோன்றாது சின்யோரா, அது எங்கள் ஊர் மண்டை. எனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்லவேண்டாம், வெட்கப்படுவான்' என்றான். நான் சொல்லவில்லை. நீ எப்போது சொல்வாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

அதற்குப் பிறகு அவ தக்கையை இழுத்து, ஒரு கிளாஸ் எடுத்து, வண்டல் எழும்பாமல், நீர் ஊற்றுகிற மாதிரியே ஊற்றி என் முன்னால் வைத்தா. குடித்தேன். எலுமிச்சந் தோல். நனைந்த கல். எல்லாம் போன பிறகு நாக்கின் கரையில் உப்பு. அது வைனின் உப்புத்தானா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. அதை நான் ஆராயவில்லை.

கல் என் சட்டைப்பையில் இருக்கிறது. சட்டை தோய்க்கும்போது எடுத்து முருகனுக்கும் மாதாவுக்கும் நடுவில் வைப்பேன். காய்ந்ததும் திரும்பப் பைக்குள் போடுவேன். உம்முடைய மாதாவை நான் சுவரிலிருந்து கழற்றவில்லை. இந்தக் கல் மன்னார்க் கரையில் பொறுக்கினதாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை. அதை உம்மிடம் ஒருக்கால் கேட்டிருக்கலாம். ஆனால் ஆர் எடுத்துப் பார்த்து இது எங்கை உள்ளதெண்டு கேட்டாலும், நான் யோசிக்காமல் ஷப்லி என்றுதான் சொல்லுகிறேன்.